பாதிப் பேரம்

"எங்க வளந்த மரம் இது?"

விறகு பிளக்க வந்த இடத்தில் அக்கா கேட்கும் முதல் கேள்வி இதுதான். மற்றவர்கள் டன்னுக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், நடுவில் டீ உண்டா என்று கேட்பார்கள். அக்கா மட்டும் கட்டையைக் காலால் ஒரு புரட்டுப் புரட்டி, கோடாலியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டுத் தட்டி, பெண் பார்க்க வந்தவர் மாதிரி அதன் பூர்வீகத்தை விசாரிப்பார். கிணற்று மேட்டில் வளர்ந்ததா, வரப்பில் வளர்ந்ததா, ரோட்டோரமா? அதைச் சொன்னால்தான் கூலி பற்றிப் பேச்சு. எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கும். விறகு எரியப் போகிறது, அதற்கு ஜாதகம் எதற்கு என்று நினைப்பேன்.

அக்காவுக்குப் பெயர் இருக்கிறது. கூலிச் சீட்டில் நானே பல வருடம் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அதற்கும் ஒரு ரேட் சொல்வார்.

நான் அப்போது புத்தூரிலிருந்து நகரி போகிற ரோட்டில் என் மாமனாரின் விறகுத் தொட்டியில் மேனேஜர். மேனேஜர் என்பது நானாக வைத்துக்கொண்ட பதவி. மாமனார் வெளியாட்களிடம், "மா அல்லுடு, சும்மாதான் கீறான், சீட்டு எழுதட்டும்னு உக்கார வெச்சேன்" என்றுதான் அறிமுகப்படுத்துவார். நான் திருப்பதியில் பி.காம் முடித்தவன். அரசாங்கப் பரீட்சை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அரசாங்கம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. பெண் கொடுத்த பாவத்துக்கு மாமனார் ஒரு நாற்காலியும் கொடுத்தார்.

தோப்புகளில் வெட்டிய மாமரம், புளி, வேம்பு எல்லாம் லாரியில் வந்து இறங்கும். அதைப் பிளந்து, பிரியாணி மாஸ்டர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் செங்கல் சூளைக்கும் விற்பது எங்கள் வியாபாரம். பிளக்க நான்கு பேர். மீசைக்காரர் ஒருவர், கண்ணாடி போட்டவர் ஒருவர், அக்கா, அக்காவின் வீட்டுக்காரருக்குத் தம்பியான கொழுந்தனார். நால்வரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரே காலனி, ஒரே தெரு.

நான் பதவியேற்றதும் செய்த முதல் சீர்திருத்தம் ஒரு போர்டு. 'எந்த மரமானாலும் டன்னுக்கு ரூ.600' என்று தெலுங்கிலும் தமிழிலும் நானே பெயிண்டில் எழுதி மாட்டினேன். சமத்துவம் என்று எனக்குள் ஒரு பெருமிதம். மரங்களுக்குள் ஏற்றத்தாழ்வு பார்க்காத முதல் மேனேஜர் நான்தான் என்றுகூட அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

அக்கா போர்டைப் பார்த்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இத்த யாரு எழுதினது?"

"நான்தான்."

"நீ எத்தினி மரம் பொளந்துகீற நைனா?"

நான் பி.காம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அது ஒரு உடம்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"எங்க ஊர்ல மொத அடி மொதலாளி அடின்னு வெச்சிக்கினு கீறோம். கூலி சொல்றவன் ஒரு அடி போட்டுட்டுதான் சொல்லணும். வா."

சாமிக்குச் சூடம் காட்டுவது போல முதலாளிகள் கோடாலியைத் தொட்டுக் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம்தான். அக்கா அதைப் பரீட்சையாக மாற்றிவைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஜம்பமாக எழுந்து போனேன். புளியங்கட்டை ஒன்றைக் காட்டினார். ஓங்கி அடித்தேன். கோடாலி துள்ளியது, என் வலது கால் செருப்பு தனியாகப் போய் விழுந்தது. இரண்டாவது அடியில் கோடாலி மரத்துக்குள் மாட்டிக்கொண்டது. நான் இழுத்தேன், அசைத்தேன், கடைசியில் கட்டையோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தேன். மீசைக்காரரும் மற்ற இருவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா கட்டையின்மேல் ஒரு காலை வைத்து ஒரே இழுப்பில் கோடாலியை உருவினார். பிறகு மாங்கட்டை ஒன்றை நிறுத்தினார். நான் இரண்டே அடி போட்டேன், பிளந்துகொண்டது. எனக்கு ஏற்பட்ட கர்வத்தில் யாராவது போனில் படம் பிடித்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

"ரெண்டுக்கும் அறுநூறா?" என்றார்.

"எல்லாம் ஆவரேஜா சரியாப் போயிடும்."

"எனுக்கு இன்னிக்கு புளி வந்துது. உன் ஆவரேஜ் என்னிக்கி வரும்?"

போர்டு அப்படியேதான் இருந்தது. மேனேஜர் ஒரு செருப்புக்காகக் கொள்கையை மாற்றிக்கொள்ள முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூலி விஷயத்தில் கறாராக இருக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம்தான் கறார், தங்களுக்கு வரவேண்டிய பக்கம். அக்காவிடம் என்ன விசேஷம் என்றால் அவர் இரண்டு பக்கமும் கறார். எடைக் கூலி என்பதால் நம் ஆட்கள் சில நாள் காலையில் விறகின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். எடை கூடும். எனக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டேன், ஏனென்றால் அதே ஈர விறகைத்தான் நாங்களும் எடை போட்டு விற்போம். ஒருநாள் கண்ணாடிக்காரர் குடத்தோடு வந்தபோது அக்கா கோடாலியை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தண்ணியையும் பொளந்தியா? எத்தினி துண்டா பொளந்த, காட்டு."

கண்ணாடிக்காரர் குடத்தை அப்படியே வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்குக் காலை முழுக்க யாரும் அக்காவிடம் பேசவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அக்காவே கருவாட்டுக் குழம்பை மூடியில் ஊற்றி நீட்டினார், பேச்சு வந்துவிட்டது.

காணிப்பாக்கத்தில் ஒரு ஹோட்டல்காரர் தன் இடத்திலேயே விறகு பிளக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தார். மூன்று நாள் வேலை என்று பேசிப் போனவர் இரண்டாம் நாள் மத்தியானமே முடித்துவிட்டு, ஒன்றரை நாள் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஹோட்டல்காரர் எனக்குப் போன் போட்டு, "ஏமய்யா, உங்க ஆளுக்கு மண்ட சரியா கீதா?" என்று கேட்டார். நானும் அதே சந்தேகத்தோடு அக்காவிடம் கேட்டேன்.

"வெயில்லயே கெடந்து அதுவே வெடிச்சி கெடந்துது நைனா. வெயிலு பொளந்ததுக்கு நான் கூலி வாங்கறதா? ஈசியா இருக்கறப்ப ஈசின்னு சொன்னாத்தான், கஷ்டமா இருக்கறப்ப கஷ்டம்னா நம்புவான்."

பிழைக்கத் தெரியாதவர் என்று முடிவு கட்டினேன். அடுத்த மாதம் அதே ஹோட்டல்காரர் கணுக்கணுவாக இருந்த வேம்பைக் காட்டியிருக்கிறார். அக்கா இரண்டு மடங்கு கேட்டாராம். மறுபேச்சு இல்லாமல் கொடுத்திருக்கிறார். பிழைக்கத் தெரியாதவர் யார் என்பதை அன்றைக்காவது நான் யோசித்திருக்கலாம்.

என் வேலைக்கும் அவர் ஒருமுறை ரேட் போட்டார். டீ குடித்துக்கொண்டே என்னை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "உக்காந்துக்கினே கீறியே, முதுகு வலிக்கல?" என்றார். வலிக்கிறது என்றேன். "ஈ வேற மொய்க்குது. உன் மாமனார் வேற ஒரு நாளிக்கி நாலு வாட்டி போன் போட்டு திட்றாரு. எனுக்கு இந்த வேல குடுத்தா நான் ஒத்துக்க மாட்டேன். புளிக்கு கம்மி, ஆனா மாமரத்துக்கு மேல குடுக்கலாம் உனுக்கு" என்றார். நான் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம். பட்டதாரியை மரத்தோடு ஒப்பிடுவதா என்று. இப்போது யோசித்தால், அந்தத் தொட்டியில் என் வேலையும் கஷ்டம்தான் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். என் மனைவிகூடச் சொன்னதில்லை.

அந்த வருடம் புளி நிறைய வர ஆரம்பித்தது. நால்வரும் கலந்து பேசி, அக்காவைத் தங்கள் சார்பில் பேச அனுப்பினார்கள். மூன்று பேரும் வெளியே டீக்கடையில் நிற்க, அக்கா மட்டும் என் அறைக்குள் வந்தார். அன்று அவர் நிற்கவில்லை, எதிரே இருந்த கட்டையில் உட்கார்ந்தார். கூலியை உட்கார்ந்துதான் சொல்வார்.

"மாவுக்கு அறுநூறு ஜாஸ்தி. அம்பது கொறச்சிக்க. புளிக்கு கம்மி, எரநூறு ஏத்திக் குடு. ரோட்டு மரம்னா உள்ள ஆணி கீது, கோடாலி மொன போனா தீட்டற காசு உன்னுது. அவ்ளோதான். இவனுங்கள ஒத்துக்க வெக்கறதுக்கே ஒரு வாரம் ஆச்சி. அம்பது வுடறதுன்னா யாருக்கு மனசு வரும்? நான் சொன்னேன்னு வந்தானுங்கோ."

எவ்வளவு நியாயமான பேரம் என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று இங்கே எழுதினால் எனக்குக் கொஞ்சம் சவுகரியமாக இருக்கும். "சரிக்கா, அப்படியே செஞ்சிடலாம்" என்றேன். அக்கா என்று நான் அவரை முதல்முறை கூப்பிட்டது அன்றுதான். அதுவரை 'இந்தாம்மா'. அவர் வெளியே போய், "ஒத்துக்கினாருடா" என்று சொன்னதும், கொழுந்தனார் அக்காவுக்கு பன் வாங்கிக் கொடுத்ததும் ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

மாமனாருக்குப் போன் போட்டேன். பேரத்தின் முதல் பாதியைச் சொன்னேன். "மாமா, மாமரத்துக்கு டன்னுக்கு ஐம்பது குறைச்சாச்சு. ஆளுங்களே ஒத்துக்கிட்டாங்க." மாமனார், "பர்வாலேதே! உனுக்குள்ளயும் ஒரு யாவாரி கீறான்யா!" என்றார். கல்யாணமாகி ஏழு வருடத்தில் அந்த மனிதர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல்முறை. வாயில் இருந்த இரண்டாவது பாதியை நான் விழுங்கிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கறிவிருந்துக்குக் கூப்பிட்டு எனக்கு இரண்டு கரண்டி கூடப் போட்டார்கள். கறியை வாயில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இப்படியே அந்த வாரம் போனது.

சனிக்கிழமை கூலி நாள். மாமனாரே வந்திருந்தார். அவர் வந்தால் நாற்காலி அவருக்கு, நான் பக்கத்தில் நிற்பேன். கொழுந்தனார் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மேனேஜர் சார், புளிக்கு எரநூறு ஏத்தறேன்னு சொன்னீங்களாமே. பழைய ரேட்டுதான் கீது. மாவுக்கு மட்டும் கொறஞ்சிகீது."

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "எரநூறா? எவரு செப்பினாரு?"

நான் பேனாவை மூடினேன், திறந்தேன். "புளியப் பத்தி என்கிட்ட யாரும் பேசல. மாமரத்துக்குக் குறைச்சுக்கறோம்னு மட்டும்தான் அந்தம்மா வந்து சொன்னாங்க."

இந்த வாழ்க்கையில் நான் தயங்காமல், தடுமாறாமல், ஒரே மூச்சில் செய்த காரியம் என்று தேடினால் இது ஒன்றுதான் அகப்படும். பரீட்சை ஹாலில் அந்த வேகம் வந்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "பேசலியா நைனா?"

"இல்ல."

ஒரு தடவைதான் கேட்டார். சத்தம் போட்டிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால், எனக்கு வீட்டில் சொல்ல ஒரு கதையாவது கிடைத்திருக்கும். அவர் என்னை ஒரு கட்டையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, கோடாலியை எடுத்துத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். கொழுந்தனார்தான் கத்தினார்.

"அப்ப எங்க கூலிய வித்துட்டு இன்னா வாங்கின அண்ணி? எவ்ளோ கமிஷனு?"

அக்கா துணியை முடிச்சுப் போட்டு, கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். அதன்பிறகு தொட்டிக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ரோடு அகலப்படுத்த வெட்டிய புளியமரங்கள் நான்கு லாரி வந்து இறங்கின. பழைய ரேட்டுக்குக் கோடாலியைத் தொட மாட்டோம் என்று மூன்று பேரும் போய்விட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிப் பக்கம் அன்னதானம் போடுகிறவர்கள் விறகு கேட்டுப் போன்மேல் போன். யாரும் இல்லாத மத்தியானம் ஒன்றில் நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் ஒரு கட்டையைப் பிளந்து பார்த்தேன். முக்கால் மணி நேரம் அடித்தேன். நடுவில் 'டங்' என்று ஒரு சத்தம், பொறி பறந்தது. எந்தக் காலத்திலோ விளம்பரத் தகரம் மாட்டிய ஆணி உள்ளே இருந்திருக்கிறது. கோடாலி முனையில் விரல் நகமளவு சில்லு போய்விட்டது. கை இரண்டும் மூன்று நாள் நடுங்கின. சாப்பாட்டை ஸ்பூனால் தின்ன வேண்டியிருந்தது. இருநூறு குறைவு என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் மாமனாரே இருநூற்று ஐம்பது ஏற்றினார். அக்கா கேட்டதைவிட ஐம்பது அதிகம். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள், நாங்கள் உறுதியாக நின்றோம் ஜெயித்தோம், அவள்தான் எங்களை விற்றாள் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுகிற தூரத்தில்தான் நடந்தது. நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

விறகு பிளக்கிறவர்கள் கூட்டாகத்தான் வேலைக்குப் போவார்கள். அக்காவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியாகக் கிடைத்த சில்லறை வேலையும் நூறு நாள் வேலையும் பார்ப்பதாகக் கேள்வி. ஒட்டிய வீட்டில் இருந்த கொழுந்தனார் வீட்டைக் காலி செய்துகொண்டு தடாவுக்குப் போனார், அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரு குடும்பத்தையே இரண்டாகப் பிளந்திருக்கிறேன், அதுவும் ஒரே அடியில். அந்த வேலைக்கு நான் லாயக்கில்லை என்று சிரித்தவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆறு வருடம் ஆனது. மாமனார் தொட்டியை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார். நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயும் முதுகு வலிதான். நகரிப் பக்கம் மனைவி பங்குக்கு வந்த நிலத்தில் மூன்று மாமரம், பெங்களூரா ஜாதி. இரண்டு வருடமாக மாங்காய் விலை படுத்துவிட்டது, பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. மூன்றையும் மெஷின் வைத்து அறுத்துத் துண்டு போட்டாயிற்று. பிளக்க ஆள் தேட வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. அக்காவைக் கூப்பிட்டு, இரண்டு மடங்கு கூலி கொடுத்துவிட்டால் என்ன? அவருக்கும் நல்லது, எனக்கும் தூக்கம் வரும். பி.காம் மூளை எங்கே போகும்?

காலனிக்குப் போனேன். ரேஷன் அரிசிப் பையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது, தோள் மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா."

"அக்காவா? அப்ப ஏதோ வேல கீது."

"மூணு மாமரம். கிணத்துப் பக்கம் வளந்தது." அவர் கேட்கும் முன்பே சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். "கூலி எவ்வளவு ஆனாலும் சரி, டபுளா வேணும்னாலும் தரேன்."

"மாமரத்துக்கு எதுக்கு டபுளு? மரத்துக்கு மேல நீ குடுக்கறது எதுக்குன்னு எனுக்கு தெரியாதா?" என்றார். பிறகு, "நாளிக்கி வந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் வந்தார். கட்டைகளைப் புரட்டினார், தட்டினார். நான் முதல் அடி போடக் கையை நீட்டினேன். "வாணா, உன்ன பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டின்மேல் உட்கார்ந்தார்.

"மரத்துக்கு ஒரு ஆளு."

"புரியல அக்கா."

"மூணு மரம், மூணு பேரு. அன்னிக்கி ரூம்ல நான் இன்னா சொன்னேன், அப்பறம் எல்லாரு எதுருலயும் நீ இன்னா சொன்ன, ரெண்டையும் உன் வாயால அவங்ககிட்ட சொல்லணும். நேர்ல போயி. போன்ல சொன்னா செல்லாது."

"காசு?"

"காசு வாங்கினா எங் கொழுந்தன் மறுபடியும் கமிஷனுன்னுவான்."

பேரம் பேசிப் பார்த்தேன். "அவர் தடாவுல இருக்காரே அக்கா. ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டா மூணாவது ஆளுக்கு அவங்களே சொல்லிடுவாங்க இல்ல?"

"அப்ப ரெண்டு மரத்த மட்டும் பொளக்கட்டா?"

மூன்று பேரிடமும் நேரில் போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். வேலை முடிந்த பிறகுதான் கூலி என்பது வழக்கம். ஐந்து நாள் தனியாகப் பிளந்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே கனம், அடுக்கியது சுவர் மாதிரி நின்றது. ஆறாம் நாள் வரவில்லை. பந்து என் பக்கம் என்று சொல்ல ஆள்கூட அனுப்பவில்லை.

மீசைக்காரரை நகரியில் ஒரு டீக்கடையில் பிடித்தேன். மெதுவாகச் சொன்னேன். "சத்தமா சொல்லு, இவங்களும் கேக்கட்டும்" என்றார். பெஞ்சில் இருந்த நாலு பேருக்கும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் மீசையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு அக்கா வந்துது. தாம்பூலம்கூட குடுக்காம அனுப்பிட்டோம்யா" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன், ஐந்து டீ.

கண்ணாடிக்காரர் இப்போது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நிறுத்த நேரமில்லை, ஓட்டும்போதே சொல் என்றார். ஆறு பேர் நடுவே விளிம்பில் தொற்றிக்கொண்டு சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு மறுபடி துடைத்தார், வண்டி ஒரு பக்கமாகப் போனது. பூக்கூடை வைத்திருந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "ஆறு வருசமா நைனா?" என்று கேட்டுவிட்டு, தன் கூடையை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டார். இறங்கும்போது கண்ணாடிக்காரர் என்னிடமும் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தடாவுக்கு இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். லீவு இல்லை, கூட்டம், காய்ச்சல் என்று காரணங்கள் சொன்னேன். சொன்னது யாரிடம் என்றால் என்னிடமேதான். கடைசியில் காளஹஸ்தி, நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினேன். கொழுந்தனார் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். நீல யூனிபார்ம், கையில் விசில். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. மாவுக்கு ஐம்பது, புளிக்கு இருநூறு, அக்கா இரண்டும் சொன்னார், நான் ஒன்றை மறைத்தேன், மாமனார் பாராட்டுக்காக மறைத்தேன், பிறகு பயத்தில் பொய் சொன்னேன். இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் கேட்டைத் திறந்து, லாரி நம்பரை எழுதி, கேட்டை மூடிவிட்டு வந்தார். அடிப்பார் என்று நினைத்து, லாட்ஜ் வேலைக்கு வந்தபின் போட்டுக்கொண்ட மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் போனை எடுத்தார். அந்த நம்பர் இன்னும் அழியாமல் இருந்தது. லாரிச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். ரொம்ப நேரம் மணி அடித்தது.

"அண்ணி."

அந்தப் பக்கம் எதையோ தாளிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"மேனேஜர் வந்தானா?"

"வந்துகீறாரு. இங்கதான் நிக்கறாரு."

"ரெண்டும் சொன்னானா?"

"ரெண்டும் சொன்னாரு அண்ணி."

"சரி." கரண்டி மறுபடி சட்டியில் உரசியது. "சோறு துன்னியாடா?"

"இல்ல அண்ணி. ஷிப்டு முடிஞ்சிதான்." அவர் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. விசில் கழுத்தில் ஆடியது.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு முட்டி வலி, மாத்திரை சாப்பிடுவதில்லை. இவர் பெண் பத்தாவது வந்துவிட்டாள், ஹைட்டு அப்படியே அண்ணி மாதிரி. இவர் காலி செய்த பக்கத்து வீட்டுச் சுவரில் வேம்பு முளைத்திருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை. பொங்கலுக்கு வருகிறாயா? லீவு கேட்டுப் பார்க்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கென்று நான் தனியாக நான்கு வரி தயார் செய்து வைத்திருந்தேன். இரண்டு பேரில் யாராவது என் பக்கம் திரும்புவார்கள் என்று வெயிலில் நின்றேன். கால் மணி நேரம் ஆனது, அதை யாரும் கேட்கப் போவதில்லை என்று எனக்கு விளங்க.

கிளம்பட்டுமா என்று சைகை காட்டினேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமலேயே, பின்னால் எடுக்கிற லாரிக்குக் காட்டுவது போல, போ போ என்று கையை ஆட்டினார். நான் நகர்ந்தேன்.